மீன் சட்டி சூளையில் உடைகிறது: மண்ணா, காய்ச்சலா, தீயா?

நாஞ்சில்_திகிரி

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் சின்ன அளவில் மீன் சட்டி செய்கிறோம். வாய் 9 அங்குலம், உயரம் 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உருண்டை அடி. காய்ந்தபின் ஒரு சட்டி ஒன்றேகால் கிலோ நிற்கிறது. கலவை: குளத்துக் களிமண் 5 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு. சக்கரத்தில் இழுத்து, மறுநாள் கல்லும் பலகையும் வைத்துத் தட்டி அடியை மூடி, ஓட்டுப் புரைக்குள் நிழற்காய்ச்சல் போடுகிறோம். பிறகு தரைச் சூளை. எரிக்கத் தென்னை மட்டை, கதம்பல் (தேங்காய் உரிமட்டை), வரட்டி. மேலே வைக்கோல் பரப்பிச் சேறு மெழுகுகிறோம்.

சேதம் நான்கு விதமாக இருக்கிறது. தீ பற்றி அரை மணி நேரத்துக்குள் உள்ளே பட் பட்டென்று வெடிக்கிற சத்தம். சில சட்டிகளில் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் விரிசல். சில நல்ல சட்டியாகவே வெளியே வந்து, ஒரு வாரம் கழித்துச் சோழி அளவுக்குத் தோல் பெயர்ந்து விழுகிறது. உடைசலை எடுத்துப் பார்த்தால் சுவரின் நடுவே கறுப்புப் பட்டை.

குறை எதில்? இன்னொன்று, வாங்குகிறவர்கள் எல்லாரும் கேஸ் அடுப்பில்தான் வைக்கிறார்கள். அதைத் தாங்கக் கலவையில் என்ன மாற்ற வேண்டும்? மாசிக்குள் ஒரு சூளையாவது ஒழுங்காக இறக்க வேண்டும். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கல்குளம்_சூளை

தம்பி, நாலும் நாலு நோய். ஒரே மருந்து தேடாதீங்க. உடைசலைக் குப்பையில் கொட்டாமல் கையில் எடுத்துப் பார்த்தாலே எது எப்போது உடைந்தது என்று சொல்லிவிடலாம்.

விரிசலின் வாய் அகன்று, ஓரம் மழுங்கி, விரிசலுக்கு உள்முகமும் சட்டியின் மேல்முகம் மாதிரியே நிறம் ஏறி வெந்திருந்தால் அது சூளைக்கு வரும் முன்பே காய்ச்சலில் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கும், தீ அதை விரித்துக் காட்டியிருக்கும். விரிசல் மயிரிழையாக, வாய் திறக்காமல், ஓரம் விரலைக் கீறுகிற அளவுக்குக் கூர்மையாக இருந்தால் ஆறும்போது விழுந்தது. சுண்டிப் பார்த்தால் கணீரென்று வராமல் குரல் கெட்டிருக்கும். வில்லையாகப் பெயர்ந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சுண்ணாம்பு. புள்ளி இல்லாமல் வெறும் குழி என்றால் ஆவி.

இப்போது உங்க எடைக்கு வருவோம். 9 அங்குல வாய்ச் சட்டியின் பரப்பு ஏறக்குறைய 700 சதுர செ.மீ. சுவர் 6 மி.மீ. என்றால் மண் 420 கன செ.மீ. காய்ந்த மண் கன செ.மீ.க்கு 1.8 கிராம் என்று வைத்தால் 756 கிராம். விளிம்புத் தடிப்பையும் சேர்த்தால் 850, மிஞ்சினால் 900. உங்களுக்கு 1,250 வருகிறது என்றால் சுவர் 9 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறது. அதுவும் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, அடியில் 12, 13 போயிருக்கும். தடிப்பு ஒன்றரை மடங்கானால் உள்ளீரம் வெளியேற ஆகும் நேரம் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. வெடிப்பு, கறுப்புப் பட்டை, கேஸ் அடுப்பில் கீறல் என்று மூன்றுக்கும் பாதிக் காரணம் இந்தத் தடிப்புத்தான். தட்டுவதை இன்னும் ஒரு சுற்று கூட்டுங்க.

தட்டும் பதம்: பெருவிரலை அழுத்தினால் பள்ளம் விழணும், மண் விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் முதல் சுற்று, கனமான பலகை. உள்ளே பிடிக்கிற கல்லில் சலித்த சாம்பல் தொட்டுக்கொள்ளுங்க, இல்லையென்றால் கல் மண்ணைக் கவ்வி இழுக்கும். அரை நாள் விட்டு, லேசான வழவழப்புப் பலகையால் இரண்டாம் சுற்று. இடைப்பட்ட நேரத்தில் விளிம்பை மட்டும் ஈரத்துணியால் சுற்றி வையுங்க. பதம் தாண்டிய பிறகு அடித்தால் அடியில் நட்சத்திரமாக நுண்விரிசல் விழும், சூளை பிரிக்கும் வரை தெரியாது. பலகை விழுகிற சத்தம் மாறும்: மொத்து மொத்தென்று இருந்தது டக் டக்கென்று ஆனால் நிறுத்திவிடணும்.

வெடிப்புக்கு வருவோம். காற்றுக் குமிழிதான் வெடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். மண் முழுக்க உலர்ந்திருந்தால் குமிழி இருந்தாலும் வெடிக்காது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். அது வெளியேற வழி கிடைக்கும் முன் சூடு ஏறினால் சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி இல்லையென்றால் காய்ந்துவிட்டது என்பது பழைய சோதனை. நம்ம மாவட்டத்துக் கடற்காற்றுக்கு அது மட்டும் போதாது, மேல்தோல் காய்ந்து அடி ஈரமாகவே நிற்கும். ஒரே சட்டியைக் குறித்து வைத்து தினம் ஒரே நேரத்தில் எடை போடுங்க. இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால்தான் சூளைக்கு. அப்படியும் காற்றில் இருக்கிற ஈரத்துக்குச் சமமாக மண்ணுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியே தீரும். அதை எடுப்பது முன்சூடு.

கதம்பலும் மட்டையும் சட்டியோடு சேர்த்து அடுக்கித் தீ வைத்தால் முன்சூட்டுக்கு வழியே இல்லை, கதம்பல் ஒருமுறை பிடித்தால் பிடித்ததுதான். அதனால் முதலில் எரிபொருள் இல்லாமல் சட்டியை மட்டும் செங்கல் துண்டுகள் மேல் கவிழ்த்து அடுக்குங்க. அடியில் ஒரு சாண் அகலத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால். சாலில் சிரட்டைக் கனல், அதன்மேல் உமி. சுடர் எழக்கூடாது, கனன்றுகொண்டே இருக்கணும். மேலே பழைய தகரத்தை இடைவெளி விட்டு மூடுங்க. நாலிலிருந்து ஐந்து மணி நேரம். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைத் தகர இடைவெளிக்கு மேல் சில நொடி பிடியுங்க. கண்ணாடி வேர்த்தால் இன்னும் ஆவி வருகிறது. வேர்ப்பது நின்ற பிறகு, சட்டி சூடாக இருக்கும்போதே சுற்றிலும் மட்டை, கதம்பல், வரட்டி அடுக்கி மூடித் தீ வையுங்க.

தரை ஈரமாக இருந்தால் இவ்வளவு செய்தும் பயனில்லை, தரையிலிருந்து ஆவி ஏறும். அரை அடி உயரத்துக்கு ஓட்டுத் துண்டும் மணலும் பரப்பி அதன்மேல் சூளை கட்டணும்.

சிரட்டைக்கரி

கல்குளம் அண்ணாச்சி தீயைச் சொல்லிவிட்டார்கள். நான் மண்ணைச் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்துப் பெயர்வது சுண்ணாம்புதான். குளத்து மண்ணில் நத்தை ஓடும் சிப்பித் துணுக்கும் இல்லாமல் இருக்காது. 700 டிகிரிக்கு மேல் ஓடு நீறத் தொடங்கும், 850-க்குள் முழுக்கச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையை விட்டு வந்ததும் அது காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், மேலே இருக்கிற தோலைத் தள்ளும். மழை நாளில் இரண்டு மூன்று நாளிலேயே நடக்கும். மண்ணைச் சோதிக்க, காய்ந்த கட்டியைப் பொடித்து வினிகர் விடுங்கள். மண் முழுதும் நுரைத்தால் அந்த மண்ணையே விட்டுவிடுங்கள். அங்கங்கே ஒரு புள்ளியில் மட்டும் நுரை வந்தால் ஓட்டுத் துணுக்கு, சலித்து எடுக்கலாம்.

சலிப்பதற்கு மண்ணைக் கரைத்தே ஆக வேண்டும். வெட்டின மண்ணை வெயிலில் முழுக்க உலர்த்தி, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தொட்டியில் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டுக் கலக்காமல் விட வேண்டும். அரை ஈரமான கட்டி நாள் கணக்கில் கரையாது. முழுக்கக் காய்ந்த கட்டி ஒரு மணி நேரத்தில் தானே உதிர்ந்துவிடும். மறுநாள் கலக்கி, 30 கண் சல்லடையில் (அங்குலத்துக்கு 30 கண்) வடிக்க வேண்டும். அதன் கண் ஏறக்குறைய 0.6 மி.மீ. அதற்குக் கீழே போகிற சுண்ணாம்புத் தூளுக்குத் தோலைப் பெயர்க்கும் பலம் இருக்காது. கொசுவலை போதாது, கண் பெரிது. தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, செங்கல் தரையில் பழைய வேட்டி விரித்து அதன்மேல் ஊற்றினால் தண்ணீர் இழுத்துக் கெட்டியாகும்.

கெட்டியானதை ஈரச் சாக்குப் போட்டு மூடிக் குறைந்தது இரண்டு வாரம் புளிக்க விடுங்கள். மாதக் கணக்கில் இருந்தால் இன்னும் நல்லது. மணலைக் கரைசலில் சேர்க்காதீர்கள், அடியில் போய் உட்கார்ந்துவிடும். மிதிக்கும்போது தூவ வேண்டும்: ஒரு அடுக்கு மண், ஒரு கை வீச்சு மணல், மிதி, மடி, திரும்ப மிதி. கம்பியால் கட்டியை அறுத்துப் பார்த்தால் வெட்டுமுகத்தில் மணல் கோடு கோடாகத் தெரியக்கூடாது.

சலித்தும் சுண்ணாம்பு விடவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. சூளை பிரித்துச் சட்டி கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே தண்ணீர்த் தொட்டியில் முழுக்கிச் சில மணி நேரம் வைத்தால், சுண்ணாம்பு மெல்ல உப்பித் தோலைத் தள்ளுவதற்குள் நீர்த்து இளகிவிடும். அல்லது மிதிக்கும்போது காய்ந்த மண் 100 கிலோவுக்கு 1 கிலோ கல்லுப்பைக் கரைத்துச் சேர்க்கலாம், பல நாட்டுக் குயவர்கள் கைக்கொண்ட பழைய முறை. சட்டியின் மேல் வெள்ளை பூக்க வாய்ப்புண்டு, பார்வைக்குத்தான் குறை.

மணல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம்மூரில் ஆற்று மணல் கிடைப்பது பெரும்பாடு, அதனால் கடல் மணலைக் கழுவிப் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. சிப்பித் தூள் அதில் நிறைய, உப்பும் முழுக்கப் போகாது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் சமையல் பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது. அதில் இல்மனைட்டோடு மோனசைட்டும் உண்டு, மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம். பூச்சு வேலைக்கு விற்கிற பி-சாண்டை நாலைந்து தடவை கழுவித் தூசியை ஓட்டிவிட்டு 1 மி.மீ. சல்லடையில் சலித்தால் போதும். பொடித்த கருங்கல் என்பதால் முனை கூர்மையாக இருக்கும், சக்கரத்தில் விரல் தேயும். அதைத் தவிர குறை இல்லை.

மண் எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். மண்பாண்டத் தொழிலுக்குக் குளத்து மண் எடுக்கத் தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கலாம். ஆனால் சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகளுக்கான காப்பகம், 2022-இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கம் மண்வெட்டியோடு போக வேண்டாம்.

நாஞ்சில்_திகிரி

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. நத்தை ஓடு இருக்கிற குளம்தான், குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது. இரண்டு சந்தேகம். மணல் எவ்வளவு வரை கூட்டலாம்? வெப்பம் அளக்கக் கருவி இல்லை, 750, 800 என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முப்பந்தல்_காற்று

மணல் அளவுக்குப் பதில் சொல்கிறேன், கூடவே விளிம்பு விரிசலுக்கும். அதை யாரும் இன்னும் தொடவில்லை.

முதலில் மண்ணின் சுருக்கத்தை அளந்து பாருங்கள். பிசைந்த மண்ணில் 12 செ.மீ. நீளப் பட்டை செய்து, கத்தி முனையால் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். காய்ந்தபின் கோடு 9.3 செ.மீ. என்றால் சுருக்கம் 7 சதவீதம், நல்லது. 9 செ.மீ.க்கு இறங்கினால் 10 சதவீதம், அந்த மண் சட்டிக்குத் தனியாக நிற்காது, மணல் கூட வேண்டும். 5-க்கு 1 என்பது பொங்கல் பானைக்குப் போதும், அது ஒருநாள் அடுப்பில் நின்றால் சரி. தினம் நெருப்பில் ஏறி இறங்குகிற சட்டிக்கு 3-க்கு 1. அதற்கு மேலே போனால் மண் இழுபடாது. சுண்டுவிரல் தடிப்பில் திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள், திரியில் வெடிப்பு விழுந்தால் மணல் மிஞ்சிவிட்டது.

ஆனால் என் கட்சி மணல் அல்ல, உடைசல் பொடி. மணல் குவார்ட்ஸ். 573 டிகிரியில் அது திடீரென்று பெருக்கும், ஆறும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்கும். சுட்ட சட்டியை இடித்து 1 மி.மீ.க்குச் சலித்துச் சேர்த்தால் அந்தத் துள்ளல் பெருமளவு குறையும். சுற்றியிருக்கிற மண்ணும் பொடியும் ஒரே இனம், ஒரே அளவுக்கு விரியும். காசும் மிச்சம். வெள்ளைப் புள்ளி உள்ள உடைசலை மட்டும் இடிக்காதீர்கள், வெளியேற்றிய சுண்ணாம்பை நாமே திரும்ப உள்ளே அழைத்த கதையாகிவிடும்.

விளிம்பு விரிசல்: விளிம்பு மெலிது, காற்றுப் படுவது அதில், முதலில் காய்ந்து சுருங்குவது அது. அடி இன்னும் ஈரத்தில் விரிந்தே இருக்கிறது. சட்டைக்குக் கழுத்துப் பட்டன் சின்னதாகிப்போன மாதிரி விளிம்பு இறுகி, தாங்க முடியாமல் பிளக்கிறது. ஆகவே விளிம்பைத் தாமதப்படுத்த வேண்டும். தட்டி முடித்த முதல் இரண்டு நாள் விளிம்பில் பாலிதீன் பட்டை சுற்றுங்கள். அடி விறைத்ததும் கவிழ்த்து வையுங்கள், அப்போது அடி மேலே வந்து காற்றுப் படும். சட்டியை நேராகப் பலகையில் வைக்காதீர்கள். சலித்த மணலோ உமிச்சாம்பலோ தூவி அதன்மேல் வைத்தால் சுருங்கும்போது வழுக்கி நகரும், இல்லையென்றால் பலகை பிடித்து இழுக்கும். சக்கரத்தில் விளிம்பை முடிக்கும்போது ஈரத்தோலை மடித்துப் பிடித்து அழுத்தி ஓட்டுவதும் பாதி விரிசலைத் தடுக்கும். அங்கே தண்ணீரைத் தேங்க விட்டால் வேலை கெட்டது.

தோவாளை என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தலைவலி. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் சட்டியின் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் பச்சையாக இருக்கும். ஓட்டுப் புரை நிழல் தரும், காற்றை நிறுத்தாது. மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டி, தினம் காலையில் சட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். விளவங்கோடு பக்கத்தில் கதை தலைகீழ், அங்கே காற்று ஈரம், காய்ச்சல் இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மண்ணை மழைக்கு முன்பே எடுத்துக் கரைத்துப் புளிக்கப் போட்டுவிட்டு, தை முதல் பங்குனி வரை சூளை வைத்துக்கொள்வதுதான் கணக்கு. மண்டைக்காட்டுக் கொடையும் ஆற்றுகால் பொங்கலும் அந்தக் காலத்தில்தான், பானை விற்பனையும் அப்போதுதான்.

சிரட்டைக்கரி

முப்பந்தல் தம்பி, உடைசல் பொடி நல்லதுதான், மறுக்கவில்லை. மணலைத் தள்ளிவிடச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த 573 துள்ளல் ஒவ்வொரு மணல் பருக்கையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசலை உண்டாக்கும். சட்டி அடுப்பில் அடிவாங்கி ஒரு பெரிய விரிசல் ஓட ஆரம்பித்தால், இந்த நுண்விரிசல்களில் போய் மோதிச் சக்தி இழந்து நின்றுவிடும். சட்டியின் பலம் கொஞ்சம் குறையும், ஆனால் சூடு குளிர் தாங்கும் குணம் கூடும். மணல் குறைந்த சட்டி தட்டினால் கணீரென்று இருக்கும், கேஸ் அடுப்பில் ஒரே போக்காக இரண்டாகப் பிளக்கும். மணல் கூடிய சட்டியில் கீறல் விழுந்தாலும் கசிந்து தெரிவிக்கும், பிளக்காது. இரண்டையும் பாதிப் பாதி போட்டால் உங்கள் கட்சியும் என் கட்சியும் சமாதானம்: களிமண் 6 பங்கு, சலித்த மணல் 1, உடைசல் பொடி 1. பங்கு என்பது காய்ந்த நிலையில் ஒரே கடவப்பெட்டியால் (ஓலைக் கூடை) அளந்தது.

கேஸ் அடுப்புக்கு இதைவிடப் பெரிய விஷயம் சுவரின் சமத்துவம். அடி 6 மி.மீ., பக்கம் 5 மி.மீ., இடையில் திடீர் மாற்றம் கூடாது. தட்டையான அடி கேட்கிறார்கள் என்று அடியைச் சமமட்டமாக்கினால், அடியும் சுவரும் சேருகிற மூலையில்தான் முதலில் கீறும். கொஞ்சம் தட்டை வேண்டுமென்றால் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும், மூலை வளைவாகவே இருக்கட்டும்.

முப்பந்தல்_காற்று

பாதிப் பாதி சரி அக்கா. ஆனாலும் 1 மி.மீ.க்கு மேலே பருக்கை போகக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்குளம்_சூளை

வெப்பத்துக்கு வருகிறேன். தெர்மோகப்பிள் என்கிற சூடு அளக்கும் கருவி வாங்கினால் நல்லது, இல்லாவிட்டாலும் வழி இருக்கு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். சமையல் உப்பு 801-இல் உருகும். பெருவிரல் அளவில் சுட்ட மண்கிண்ணம் செய்து, ஒன்றில் தடித்த அலுமினியக் கம்பி ஒரு அங்குலம், இன்னொன்றில் ஒரு சிட்டிகைத் தூளுப்பு, மேலே ஓட்டுத் துண்டு மூடி. இப்படி ஜோடி ஜோடியாக அடியில், நடுவில், ஓரத்தில் என்று மூன்று இடத்தில் வையுங்க. சூளை பிரித்ததும் பாருங்க. கம்பி எல்லா இடத்திலும் உருண்டு போயிருக்கணும். உப்பு கண்ணாடிப் படலமாக உறைந்திருந்தால் அந்த இடம் 801-ஐத் தாண்டியது. உங்களுக்குச் சுண்ணாம்பு மண் என்பதால் உப்பு நடுவில் மட்டும் உருகி ஓரத்தில் தூளாகவே இருந்தால் அதுதான் வேண்டிய சூடு. ஓரத்தில் கம்பியே உருகவில்லை என்றால் அந்தப் பக்கம் எரிபொருள் போதவில்லை, அல்லது காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்திருக்கு.

வேகாத சட்டியைக் கண்டுபிடிக்க அதன் உடைசலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்க. காலையில் நகத்தால் கீறினால் சேறாக வழிந்தால் 600 டிகிரியே தாண்டவில்லை. களிமண்ணோடு கட்டுண்ட தண்ணீர் 450-க்கும் 600-க்கும் இடையில்தான் போகும், அது போன பிறகுதான் மண் திரும்பக் கரையாது.

சாயங்காலம் தீ வைப்பது சவுகரியம், இருட்டில் நிறம் தெரியும். மெழுகின சேற்றில் நாலு பக்கமும் கைமுட்டி போகிற துளை விடுங்க. துளை வழியே பார்த்தால் இருட்டில் மங்கிய சிவப்பு தெரிய ஆரம்பிக்கும்போது 600 பக்கம். நல்ல செக்கச்சிவப்பு 750-லிருந்து 800. ஆரஞ்சுக்குத் திரும்பினால் 900, அவ்வளவு தேவையில்லை. தீ வைத்து மங்கிய சிவப்பு வர இரண்டு மணி நேரமாவது ஆகணும். அதற்கு முன்பே வந்தால் துளையில் இரண்டை ஓட்டால் மூடுங்க.

கறுப்புப் பட்டை: மண்ணில் இருக்கிற இலை தழை, வேர்ச் சத்து எரியாமல் கரியாக நிற்பது. அது எரிய 600-க்கும் 750-க்கும் நடுவில் காற்றும் நேரமும் வேணும். நீங்க ஆரம்பத்திலேயே வைக்கோல் போட்டுச் சேற்றால் இறுக மூடிவிடுகிறீங்க, காற்று இல்லை. மங்கிய சிவப்பு வந்த பிறகு துளைகளைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரம் அதே சூட்டில் நிறுத்துங்க, பிறகு கடைசிச் சூடு ஏற்றுங்க. சுவர் 6 மி.மீ.க்கு வந்துவிட்டால் பாதி தானே போய்விடும். நடுவில் சாம்பல் நிறக் கோடு லேசாக நின்றால் கவலைப்பட வேண்டாம், சமையலுக்குக் கேடில்லை.

எரிபொருள் கணக்கு: நன்றாகக் காய்ந்ததாக, சட்டிகளின் மொத்த எடைக்கு ஏறக்குறையச் சமம். காற்றடிக்கிற இடத்தில் ஒன்றரை மடங்கு. வரட்டியை மேலேயும் ஓரத்திலும் வையுங்க, அது நின்று எரிந்து சாம்பல் போர்வையாகும். அந்தச் சாம்பலை ஆறும் வரை கிளறக்கூடாது. ராத்திரி சுட்டால் மறுநாள் மத்தியானம் வரை கை வைக்காதீங்க. மேலே ஆறினது போலிருக்கும், நடுவில் 300 டிகிரி இருக்கும். அப்போது ஒரு சட்டியை உருவினால் குளிர்காற்று பட்டு அந்த மயிரிழை விரிசல் விழும்.

நாஞ்சில்_திகிரி

இது போதும் அண்ணாச்சி, முழுசையும் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. மார்த்தாண்டம் கடைகளில் கறுப்புச் சட்டிதான் அதிகம் கேட்கிறார்கள். அதே சூளையில் கறுப்பாக்க முடியுமா? எரிக்க ரப்பர் விறகும் அண்டித்தோடும் (முந்திரிக் கொட்டையின் தோடு) மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

சிரட்டைக்கரி

கறுப்பு என்பது பூச்சு அல்ல, புகைக்கரி சுவருக்குள் ஏறுவது. சூளை 750-ஐத் தொட்டு நிற்கும்போது மேலே உமியும் மரத்தூளும் கனமாகக் கொட்டி, துளை எல்லாவற்றையும் அடைத்து, ஈர மணலும் சேறும் போட்டுப் புகை ஒரு இழைகூட வெளியே வராதபடி மூட வேண்டும். முழுக்க ஆறும் வரை திறக்கக்கூடாது. சூடு இருக்கும்போது எங்காவது காற்று நுழைந்தால் ஏறின கரி எரிந்து அந்த இடம் திரும்பச் சிவந்துவிடும், கறுப்புச் சட்டியில் சிவப்புத் திட்டு வருவது அதனால்தான். ஆகவே கறுப்பாக்குவதைத் தனிச் சூளையாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சிவப்பாக ஒழுங்காகச் சுட்டு, கீறல் இல்லாததை மட்டும் பொறுக்கி, இரண்டாம் முறை கறுப்புக்குப் போடுவது நிதானம். தட்டி முடித்துப் பாதி காய்ந்த பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி வைத்தால் கறுப்பு பளிச்சென்று வரும். டயர், பழைய ஆயில் போட்டுப் புகைக்கிற வேலை சமையல் சட்டிக்கு வேண்டாம். பளபளப்புக்காகக் கடையில் விற்கிற, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மெருகுப் பூச்சையும் உள்பக்கம் பூசாதீர்கள். அதில் ஈயம் இருந்தால் மீன் குழம்பின் புளிப்பில் கரைந்து வரும்.

விற்கும்போது ஒரு சீட்டு கொடுங்கள்: ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, பிறகு அரிசிக் கஞ்சித்தண்ணீர் நிறைய ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வைத்து அதிலேயே ஆறவிட வேண்டும். கஞ்சிப்பசை துளைகளை அடைக்கும். காய்ந்ததும் உள்ளே தேங்காயெண்ணெய் தடவிச் சிறு தீயில் சூடாக்க வேண்டும். வெறும் சட்டியைப் பெரிய சுடரில் வைக்கக்கூடாது, இறக்கினதை ஈரக் கல்மேடையில் வைக்கக்கூடாது.

நீங்கள் பார்க்க வேண்டிய சோதனை வேறு. சுட்ட உடைசல் ஒன்றை உலர்த்தி எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துத் திரும்ப எடை போடுங்கள். 200 கிராம் 228-லிருந்து 236-க்குள் வந்தால், அதாவது 14 முதல் 18 சதவீதம், மீன் சட்டிக்குச் சரி. 20-ஐத் தாண்டினால் வேக்காடு குறைவு, குழம்பு கசியும்.

கல்குளம்_சூளை

ரப்பர் விறகு போடலாம், பிளந்து குறைந்தது இரண்டு மாதம் காய்ந்ததாக இருக்கணும். வேகமாகச் சுடர் விடுகிற விறகு, அதனால் கடைசிச் சூட்டுக்கு மட்டும். ஆரம்பத்தில் போட்டால் திரும்பவும் பட் பட்டென்று கேட்பீங்க.

அண்டித்தோடு வேண்டாம். அதில் இருக்கிற எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகை கண்ணை எரிக்கும், பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வரும். எண்ணெய் பிழிந்தெடுத்த தோட்டிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். சட்டியின் மேல் பிசுக்காகப் படிந்துவிட்டால் எத்தனை தடவை கஞ்சி கொதிக்க வைத்தாலும் வாடை போகாது.

சூளை பிரித்ததும் அலுமினியம், உப்புக் கிண்ணங்கள் எந்த இடத்தில் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்க, காற்றுத் துளையை எங்கே மாற்றணும் என்று பார்த்துச் சொல்கிறேன்.